கம்பி இல்லாத சார்ஜரும் நடுவில் நிற்கும் கவரும்

புதுப் போன் வாங்கினால் கடையிலேயே டெம்பர்டு கிளாஸ் ஒட்டி, பின்னால் ஒரு சிலிகான் கவரோ ஃப்ளிப் கவரோ மாட்டித்தான் வெளியே வருகிறோம். அதற்கப்புறம் அந்தப் போனின் சொந்த முதுகை நாம் பார்ப்பது அபூர்வம். ஆனா வயர்லெஸ் சார்ஜிங் பற்றி யூட்யூபிலும் தளங்களிலும் வரும் விமர்சனங்களைப் பாருங்கள். பேட் எத்தனை வாட், போன் எத்தனை வாட், எத்தனை நிமிஷத்தில் எத்தனை சதவீதம், அவ்வளவுதான். கவர் பற்றி கடைசியில் ஒரு வரி வரும்: "மெல்லிசான கவரா இருந்தா பிரச்சினை இல்லை."

அந்த ஒரு வரிக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். இந்தத் தொழில்நுட்பம் வேலை செய்யுமா, சூடாகுமா, எவ்வளவு செலவு வைக்கும் எல்லாமே கவரில்தான் முடிவாகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், கவர் என்ற பொருளை நமக்கு மறுபடி மறுபடி விற்க வயர்லெஸ் சார்ஜிங் ஒரு நல்ல சாக்காகிவிட்டது என்றும் சொல்வேன். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இது வேலை செய்யும் விதம், சுருக்கமாக. ஒரு கம்பிச்சுருளில் மாறும் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரம் தூண்டப்படும். ஃபாரடே 1831இல் கண்டது. பேடுக்குள் ஒரு சுருள், போனின் முதுகுக்குள் ஒரு சுருள். பேடில் ஓடுவது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் இல்லை, வினாடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம். இரண்டு சுருளும் எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேருக்கு நேராக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. விலகினால் மின்சாரம் சேருவது குறையும், சூடு கூடும். நடுவில் உலோகம் இருந்தால் அந்த உலோகமே சூடாகும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாகிற அதே விஷயம்தான். பேடும் போனும் ஊமையாகவும் உட்கார்ந்திருப்பதில்லை. போன் தன் சுருளின் சுமையைக் கூட்டிக் குறைத்து "இன்னும் கொடு", "போதும், குறை" என்று சைகை காட்டிக்கொண்டே இருக்கும். பேட் அதற்கேற்ப அனுப்பும்.

இதற்கான பொதுத் தரத்தின் பெயரை ஆங்கிலத்தில் கியூ, ஐ என்று இரண்டே எழுத்தில் எழுதுவார்கள். சீன மொழியில் உயிராற்றல் என்று பொருள். உச்சரிப்பு "ச்சீ". தமிழில் இதைச் சொல்லி ஒரு பொருளை விற்க முடியாது என்பதாலோ என்னவோ நம்ம கடைகளில் "கியூஐ" என்று எழுத்துக்கூட்டிச் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் பவர் கன்சார்டியம் என்ற கூட்டமைப்பு 2008இல் தொடங்கியது, தரத்தின் முதல் பதிப்பு 2010இல் வந்தது, 5 வாட் வரைக்கும்.

ஆனா அதற்கு முன்பே, 2009இல், பாம் நிறுவனம் தன் பாம் ப்ரீ போனுக்கு டச்ஸ்டோன் என்று ஒரு சார்ஜர் விற்றது. இப்போது பலருக்கு அந்தக் கம்பெனியின் பெயரே ஞாபகம் இருக்காது. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த பொருள் அதுதான். சின்னதாக, சாய்வான முகத்தோடு, உள்ளே காந்தம் வைத்த ஒரு மேசைச் சார்ஜர். போனை அருகில் கொண்டுபோனால் சரியான இடத்தில் போய்த் தானாக ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் ஏற, போனின் சாதாரண பின்மூடியைக் கழற்றிவிட்டு டச்ஸ்டோனுக்கான பின்மூடியை மாட்ட வேண்டும். மின்சாரத்தை வாங்கும் சுருள் அந்த மூடியில்தான் இருந்தது. சார்ஜரும் மூடியும் சேர்ந்து 70 டாலர் அளவில் விலை. வேண்டும் என்பவர் மூடி வாங்கிக்கொள்ளலாம், வேண்டாதவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

2012இல் நோக்கியா லூமியா 820உம், 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4உம் இதே வழியில் போயின. வயர்லெஸ் சார்ஜிங் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பின்மூடியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதே 2012இல் லூமியா 920, நெக்ஸஸ் 4 இரண்டும் சுருளைப் போனுக்குள்ளேயே வைத்து வந்தன. மெல்ல மெல்ல இரண்டாவது வழிதான் ஜெயித்தது. பின்மூடியைக் கழற்ற முடியாத போன்கள் வந்தபோது முதல் வழியும் சேர்ந்து செத்தது. பேட்டரியை நாமே மாற்றும் வசதி போனதைப் பற்றி எல்லாரும் புலம்புகிறோம். மூடியோடு இதுவும் போனதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அடுத்தது கண்ணாடி. அலுமினிய முதுகு வழியாக இந்தக் காந்தப்புலம் ஒழுங்காகப் போகாது. 2017இல் ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் இரண்டும் வயர்லெஸ் சார்ஜிங்கோடு வந்தபோது, சில வருஷங்களாக உலோகமாக இருந்த முதுகு கண்ணாடியானது. கண்ணாடி முதுகுக்கு வயர்லெஸ் சார்ஜிங் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. 2010இலேயே ஐபோன் 4 கண்ணாடி முதுகோடு வந்தது, அதில் இந்தச் சார்ஜிங் கிடையாது. பளபளப்பும் ஒரு காரணம், ஆண்டெனாவுக்கும் கண்ணாடி வசதி. ஆனா "ஏன் மறுபடி கண்ணாடி?" என்று கேட்டவர்களுக்கு வயர்லெஸ் சார்ஜிங் ஒரு கௌரவமான பதிலாக அமைந்தது. முழுக்க பிளாஸ்டிக் முதுகு வைத்தாலும் சார்ஜ் ஏறும் என்பதை மட்டும் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

கண்ணாடி வந்ததும் பயம் வந்தது. முன்னால் உடைந்தால் ஒரு செலவு, பின்னால் உடைந்தால் இன்னொரு செலவு. ஆகவே கவர் கட்டாயமானது. கீழே போட்டாலும் தாங்கும் தடித்த கவர், மூலைகளில் காற்றுப்பை வைத்த கவர், தோல் கவர். எந்த வசதிக்காகக் கண்ணாடி என்று சொன்னார்களோ, அந்தக் கண்ணாடியைக் காப்பாற்றப் போட்ட கவர் அந்த வசதிக்கே குறுக்கே வந்தது. பல பேட் பெட்டிகளில் 3 மில்லிமீட்டர் வரை கவர் பரவாயில்லை என்று போட்டிருக்கும். அது "வேலை செய்யும்" என்பதற்கான எல்லை. நன்றாக வேலை செய்யும் எல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கவருக்குள் போனின் முதுகு எங்கே, சுருள் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. இரவில் தூக்கக் கலக்கத்தில் பேட் மேல் வைக்கிறோம், ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போயிருக்கிறது, காலையில் 40 சதவீதம்.

இந்தத் தள்ளிவைக்கும் பிரச்சினையைப் பெரிய அளவில் தீர்க்க ஆப்பிளே முயன்று தோற்றது. ஏர்பவர் என்ற பேடை 2017 செப்டம்பரில் மேடையில் காட்டினார்கள். போன், கடிகாரம், இயர்போன் பெட்டி மூன்றையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார்கள். 2019 மார்ச்சில், அது தங்கள் தரத்துக்கு வரவில்லை என்று சொல்லிக் கைவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் ஐபோன் 12இல் வந்த மேக்சேஃப், எதிர்த்திசையில் போன ஒரு தீர்வு. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் மட்டும்தான் ஒட்டும் என்று வட்டமாகக் காந்தங்களை வைத்துவிட்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் டச்ஸ்டோன் செய்த அதே காரியம். நல்ல தீர்வு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனா காந்தப் பிடிப்பும் தூரத்தோடு குறையும். போனுக்குள் இருக்கும் காந்தம் சாதாரணக் கவரைத் தாண்டிச் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் காந்த வளையம் வைத்த கவர் வாங்க வேண்டும். கண்ணாடிக்காக ஒரு கவர், இப்போது காந்தத்துக்காக வேறொரு கவர். கியூஐ தரத்தின் அடுத்த பதிப்பான கியூஐ2, மேக்சேஃபை அடியொற்றி 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு போன்களுக்கும் காந்தம் வரும் என்று எதிர்பார்த்தோம். சில போன்களில் வந்தது: 2024இல் எச்எம்டி ஸ்கைலைன், 2025இல் கூகுள் பிக்சல் 10. சாம்சங் மட்டும் 2025இன் கேலக்ஸி எஸ்25 வரிசையைக் "கியூஐ2 ரெடி" என்று விற்றது. போனுக்குள் காந்த வளையம் கிடையாது. வளையம் வைத்த கவரை வாங்கி மாட்டினால் போன் "ரெடி". லட்ச ரூபாய்ப் பக்கம் போகும் போனில் அந்த வளையத்தை வைக்காமல், கவருக்குள் தள்ளி, அதற்குத் தனியாகக் காசு கேட்பதற்கு எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை, "ரெடி" என்று மட்டும் தோன்றவில்லை. பாம் ப்ரீயிலும் மூடியைத் தனியாகத்தானே விற்றார்கள் என்று கேட்கலாம். அங்கே சுருள் மொத்தமும் மூடியில் இருந்தது, வேண்டாதவர் எதற்கும் பணம் கட்டவில்லை. இங்கே சுருளுக்கு எல்லாரும் பணம் கட்டுகிறார்கள், அது ஒழுங்காகப் பொருந்த மறுபடி கட்டுகிறார்கள்.

சரி, மின்சாரம் வீணாகிறது என்ற வாதத்துக்கு வருவோம். வயர்லெஸ் சார்ஜிங்கைத் திட்டுகிறவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் இது. 2020இல் ஒன்ஜீரோ என்ற தளத்தில் ஒரு கட்டுரை வந்தது. பிக்சல் 4 போனைக் காலியிலிருந்து முழுக்க ஏற்ற, கேபிளில் சராசரியாக 14.26 வாட்-மணி, வயர்லெஸில் 21.01 வாட்-மணி, அதாவது சுமார் 47 சதவீதம் அதிகம் என்று அளந்து எழுதியிருந்தார்கள். அந்த 47 பிறகு எல்லா இடத்திலும் சுற்றியது. அளவைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனா கணக்கைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 6.75 வாட்-மணி. வருஷம் முழுக்கத் தினமும் ஒரு முழு சார்ஜ் என்றால் சுமார் இரண்டரை யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு இருபது ரூபாய். ஒரு டீக்காசு, வடையோடு. ஒரு கோடிப் போன் என்று பெருக்கினால் இரண்டரைக் கோடி யூனிட் வரும், அது நாட்டுக்கு ஒரு பொருட்டுதான். இருந்தாலும் வீட்டில் ஒரு ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைப்பவர் இந்த இரண்டரை யூனிட்டைச் சில நாளிலேயே மிச்சம் பிடித்துவிடுவார். இந்த வாதத்தை வைத்து யாரையும் குற்றவுணர்ச்சிக்குள் தள்ளுவது சரியில்லை.

வீணான அந்த ஆறேமுக்கால் வாட்-மணி எங்கே போகிறது என்பதுதான் உருப்படியான கேள்வி. சூடாகப் போகிறது. ஒரு பகுதி அடாப்டரிலும் பேடிலும், ஒரு பகுதி போனுக்குள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2019இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தினர் ஒரு போனை மூன்று விதமாகச் சார்ஜ் செய்து வெப்பநிலையை அளந்தார்கள். கேபிளில் போட்டபோது போனின் சராசரி வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டவில்லை. பேடில் நேராக வைத்தபோது உச்சம் 30.5 டிகிரி. தள்ளி வைத்தபோதும் உச்சம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா சீக்கிரமே அங்கே போய், சுமார் 125 நிமிஷம் சூட்டிலேயே நின்றது. நேராக வைத்தால் 55 நிமிஷம்தான். ஆகவே வயர்லெஸா கேபிளா என்பதை விடவும், நேராக வைத்தோமா என்பது முக்கியம்.

இந்த எண்கள் மிதமான அறைவெப்பத்தில் எடுத்தவை. மே மாதத்து வேலூர், மதுரை, திருச்சி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கணும் என்கிறது ஆப்பிள். நம்ம ஊரில் மே மாதம் அந்த எல்லையிலிருந்தே ஆரம்பிக்கிறது. அதன் மேல் பேடின் சூடு, அதன் மேல் போர்வை மாதிரி ஒரு சிலிகான் கவர். சூடு ஏறினால் போன் தானாகவே சார்ஜிங்கை மெதுவாக்கும், ஐபோன் 80 சதவீதத்தோடு நிறுத்தியும் வைக்கும். அது கோளாறு இல்லை, தற்காப்பு. "புது பேட் வாங்கினேன், ஏறவே மாட்டேங்குது" என்று ஏப்ரல், மே மாதங்களில் வரும் புகார்களில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். சில வகைக் கவர்களோடு சார்ஜ் செய்தால் சூடு கூடி பேட்டரியைப் பாதிக்கலாம், அப்படிச் சூடானால் கவரைக் கழற்றிவிடுங்கள் என்று ஆப்பிளே தன் பேட்டரிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. தினமும் ராத்திரி கவரைக் கழற்றி, காலையில் மாட்டுவதற்கு, கேபிளைச் சொருகுவதே சுலபம் இல்லையா?

கவருக்குள் நாம் என்னவெல்லாம் வைக்கிறோம் என்பது தனி ஆராய்ச்சி. மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஏடிஎம் கார்டு, மெட்ரோ கார்டு, ஆபீஸ் அடையாள அட்டை, சின்னதாக ஒரு சாமி படம். நோட்டாலும் படத்தாலும் பெரிய ஆபத்தில்லை, தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கார்டு அப்படி இல்லை. தட்டிக் காட்டிக் கதவு திறக்கிற, பணம் கட்டுகிற கார்டுகளுக்குள் ஒரு சின்னச் சுருளும் சிப்பும் இருக்கின்றன. பேடுக்கும் போனுக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டால் அந்தப் புலம் அதற்குள்ளும் பாயும், சிப் போகலாம். பழைய காந்தப்பட்டைக் கார்டானால் பட்டை அழியலாம். இந்த எச்சரிக்கை ஆப்பிள் குறிப்பிலும் இருக்கிறது. ஆனா நம்ம ஊர்க் கடைகளில் பேடையும் கார்டு செருகும் ஃப்ளிப் கவரையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அதைவிட மோசம் இரும்புத் தகடு. காரில் காந்த ஹோல்டர் வைத்திருப்பவர்கள் போனின் முதுகிலோ கவருக்குள்ளேயோ ஒரு வட்டத் தகட்டை ஒட்டியிருப்பார்கள். பின்னால் விரல் மாட்டுகிற உலோக மோதிரமும் அதே கதைதான். தரமான பேட் நடுவில் உலோகம் இருப்பதை உணர்ந்து நின்றுவிடும், விளக்கு மினுக்கும். மலிவான பேட் உணர்கிறதா என்பதைத் தகட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயர்லெஸ் வசதி இல்லாத போனுக்கு ஒட்டுகிற ரிசீவர் தாள் என்று ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. மெல்லிய தாளுக்குள் சுருள், அதிலிருந்து பட்டையாக ஒரு வால். வாலைப் போனின் சார்ஜிங் போர்ட்டில் சொருகி, தாளை முதுகில் வைத்து, மேலே கவரை மாட்டிவிட வேண்டும். இருபதாயிரத்துக்குள் விற்கும் போன்களில் வயர்லெஸ் சார்ஜிங் அரிது என்பதால் இதற்கு ஒரு சந்தை இருக்கிறது. யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. போர்ட்டுக்கு ஓய்வு கொடுக்கத்தான் வயர்லெஸ். இங்கே போர்ட்டுக்குள் நிரந்தரமாக ஒரு வால். சூடாகும் தாள் போனுக்கும் கவருக்கும் நடுவில். மெதுவாகத்தான் ஏறும். அவசரத்துக்குக் கேபிள் போட வேண்டுமென்றால் கவரைக் கழற்றி வாலை உருவ வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேபிள் வாங்கலாம்.

இவ்வளவும் சொன்னதால் வயர்லெஸ் சார்ஜிங்கே வேண்டாத வேலை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் போன் சரிபார்க்கும் கடைகளில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், "சார்ஜ் ஏறலை" என்று வருகிறவர்கள் எத்தனை பேர் என்று. போர்ட்டுக்குள் பஞ்சு அடைத்திருக்கும், பின் வளைந்திருக்கும், மழையில் நனைந்து பச்சை பிடித்திருக்கும். தினமும் இரண்டு தடவை கேபிளைச் சொருகி எடுத்தால் வருஷத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல். அந்தத் தேய்மானத்தைக் குறைக்கிறது என்பது வயர்லெஸுக்கு ஆதரவாக இருக்கும் நேர்மையான வாதம். விளம்பரங்கள் சொல்லும் வேகத்தையும் அழகையும் விட இது பெரிசு.

இன்னொரு வாதம், கை. பார்வை மங்கியவர்கள், விரல் நடுங்குபவர்கள், முடக்குவாதத்தில் விரல் மடங்கிப்போனவர்கள், இவர்களுக்கு அந்தச் சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொருகுவது தினசரி அவமானம். என் சித்தி ஒருவர் தினமும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேபிள் சொருகச் சொல்வார். அவருக்கு வேண்டியது தட்டையான பேட் இல்லை. பேடில் போன் எங்கே வேண்டுமானாலும் வழுக்கும், நேராக இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. சாய்வான ஸ்டாண்ட் வாங்கிக் கொடுத்தோம். கீழே ஒரு விளிம்பு இருக்கிறது, போனை அதில் உட்கார வைத்தால் சுருள் தானாக நேராகிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் கவர், உள்ளே கார்டு கிடையாது. 5 வாட்டோ 7 வாட்டோ ஏறுகிறது, ராத்திரி முழுக்க இருக்கிறதே, வேகம் எதற்கு? அவருக்குக் கவலை வேறு: சார்ஜ் ஏறுகிறதா என்று திரையை எழுப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேபிள் என்றால் இழுத்துப் பார்த்தாலே தெரியுமே என்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெட்டியில் 15 வாட் என்று போட்டிருந்தால் அது பேடின் உச்சம். காந்தம் இல்லாத சாதாரண கியூஐ பேடில் ஐபோன் 7.5 வாட்தான் வாங்கும். பல பேட்களோடு அடாப்டர் வருவதும் இல்லை, வீட்டில் கிடக்கும் பழைய 5 வாட் அடாப்டரில் சொருகினால் பேட் உள்ளே எழுதியிருப்பது எதுவும் நடக்காது, சிலது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 20 வாட் அடாப்டர் ஒன்று தனியாகத் தேவைப்படும். கடையில் உங்கள் போனை, உங்கள் கவரோடு, அந்த பேட் மேல் பத்து நிமிஷம் வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். நான் கேட்ட மூன்று கடையில் ஒரு கடைக்காரர் மட்டும் சரி என்றார், அவரும் கவரைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தார்.